குதிரைக் கவசத்துக்கு என்ன விலை? வீடியோ கேம் விலைகளுக்குப் பின்னால் இருக்கும் மனக்கணக்கு

2006 ஏப்ரலில் பெதெஸ்டா நிறுவனம் தன் 'ஆப்லிவியன்' கேமுக்குள் ஒரு குதிரைக் கவசத்தை விற்பனைக்கு வைத்தது. கேம் வெளியாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கவசத்தை வாங்கினால் உங்கள் குதிரைக்கு அணிவிக்கலாம். பார்க்க மினுமினுப்பாக இருக்கும், குதிரை இன்னும் கொஞ்சம் அடி தாங்கும், அவ்வளவுதான். கதையில் ஒரு வரிகூட மாறாது. மைக்ரோசாஃப்டின் கேம் கருவியான எக்ஸ்பாக்ஸில் அதன் விலை இரண்டரை டாலர்.

அப்போது கிளம்பிய கோபத்தை அந்தக் காலத்தில் கேம் ஆடியவர்கள் இன்றும் மறக்கவில்லை. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோபப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதே கேமை எக்ஸ்பாக்ஸில் 60 டாலர் கொடுத்து வாங்கியவர்கள். கொடுக்கும்போது யாரும் முணுமுணுக்கவில்லை. 60 டாலர் நியாயமாகப் பட்டது. அதில் இருபத்துநாலில் ஒரு பங்கு, யானை விலை குதிரை விலையாகப் பட்டது.

ஏன்? ஆப்லிவியனின் 60 டாலருக்குப் பக்கத்தில் மற்ற 60 டாலர் கேம்கள் நின்றன. குதிரைக் கவசத்துக்குப் பக்கத்தில் நின்றது முழு ஆப்லிவியன்: காடு, மலை, நகரங்கள், நூறு மணி நேரத்துக்கு மேல் ஓடும் கதைகள். இவ்வளவு பெரிய உலகமே 60 டாலர் என்றால் ஒரு குதிரைச் சட்டைக்கு இரண்டரை டாலரா என்று மனம் கணக்குப் போட்டது. ஒரு பொருளைத் தனியாக நிறுத்தி 'இது எனக்கு எவ்வளவு பெறும்' என்று நாம் கேட்டுக்கொள்வது அபூர்வம். பக்கத்தில் எது இருக்கிறதோ அதை வைத்துத்தான் எடை போடுகிறோம். கேம் விலைகளைப் பற்றி நான் இங்கே சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு பழக்கத்திலிருந்து கிளைத்தவைதான்.

அடக்க விலை தெரியாத பொருள்

ஒரு நாற்காலிக்கு விலை வைக்கும்போது மரம், ஆணி, தச்சர் கூலி என்று ஓர் அடிப்படைக் கணக்கு இருக்கும். அதற்குக் கீழே விற்றால் நஷ்டம் என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்கும் ஓரளவு தெரியும். டிஜிட்டல் கேமில் அப்படி ஒரு தரை கிடையாது. முதல் பிரதியை உருவாக்கக் கோடிக்கணக்கில் செலவாகியிருக்கலாம், நூற்றுக்கணக்கானவர்கள் பல வருடம் உழைத்திருக்கலாம். ஆனால் இரண்டாவது பிரதிக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதனால் ஒரே கேமை 70 டாலருக்கு விற்கலாம், 5 டாலருக்கு விற்கலாம், சும்மாவும் கொடுத்துவிடலாம். மூன்றையும் பார்த்துப் பழகிவிட்டோம்.

தரை இல்லாத இடத்தில் மனம் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். ஆமோஸ் டிவெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தை ஆட்கள் முன்னால் சுற்றினார்கள். அது 10-இல் அல்லது 65-இல் மட்டும் நிற்கும்படி முன்கூட்டியே செய்துவைத்திருந்தார்கள். சக்கரம் நின்றதும், 'ஐக்கிய நாடுகள் சபையில் இருக்கும் நாடுகளில் எத்தனை சதவீதம் ஆப்பிரிக்க நாடுகள்' என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் பதில்களில் நடுமதிப்பு 25. 65-ஐப் பார்த்தவர்களுக்கு அது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தும் முதலில் கண்ணில் பட்ட எண், கப்பலைப் பிடித்துவைக்கும் நங்கூரம் மாதிரி பதிலைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டது. இதற்குப் பெயரே நங்கூர விளைவு.

கேம் உலகத்தின் பெரிய நங்கூரம் 60 டாலர். 2005 கடைசியில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது பெரிய கேம்களின் விலை 50 டாலரிலிருந்து 60 ஆனது. பிறகு பதினைந்து வருடம் அது நகரவில்லை. 2020-ல் 70 ஆனபோது ஒரு சலசலப்பு. 2025-ல் நிண்டெண்டோ 'மரியோ கார்ட் வேர்ல்டு' கேமுக்கு 80 டாலர் வைத்தபோது, அவர்களுடைய நேரலையில் ஓடிய அரட்டை முழுக்க 'விலையைக் குறை' என்ற வரியே நிரம்பி வழிந்தது. மைக்ரோசாஃப்டும் 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2' கேமை 80 டாலருக்கு அறிவித்துவிட்டு, அடுத்த மாதமே 70-க்கு இறங்கிவந்தது.

பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் 2005-இன் 60 டாலர் இன்றைக்கு 90 டாலருக்கும் மேல். அந்தக் கணக்குப்படி 80 என்பது விலை குறைந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் யாருடைய மனதும் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. நேற்று 60, இன்று 80, அதுதான் தெரிகிறது. நிறுவனங்கள் பக்கம்தான் நியாயம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இடைப்பட்ட காலத்தில் விற்பனை எண்ணிக்கை பெருகியது, குறுந்தட்டும் அட்டைப்பெட்டியும் லாரி வாடகையும் பெரும்பாலும் மறைந்துபோயின. நான் சொல்ல வருவது வேறு: இரண்டு பக்கமும் சண்டை போட்டது ஒரு பழைய எண்ணோடு.

நங்கூரம் எவ்வளவு கீழே போகும் என்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கைப்பேசிப் பக்கம் வர வேண்டும். 2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தபோது 10 டாலர் விலை போட்ட கேம்கள் இருந்தன. கொஞ்ச காலத்திலேயே பட்டியலில் மேலே ஏற வேண்டும் என்ற போட்டியில் எல்லோரும் விலையைக் குறைத்துக் குறைத்து 99 சென்ட்டில் வந்து நின்றார்கள். 2009 அக்டோபரில் இலவச ஆப்களுக்குள்ளும் பொருள் விற்கலாம் என்று ஆப்பிள் அனுமதித்ததும் அந்த 99 சென்ட்டும் பலருக்கு அதிகமாகத் தெரிய ஆரம்பித்தது. 2016 டிசம்பரில் நிண்டெண்டோ 'சூப்பர் மரியோ ரன்' கேமைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. முதல் சில கட்டங்கள் இலவசம், மீதியைத் திறக்க ஒரே ஒருமுறை 10 டாலர். அதற்குப் பிறகு எதுவும் கேட்காது. இதைவிட நேர்மையான ஏற்பாடு இருக்க முடியாது. கோடிக்கணக்கானோர் தரவிறக்கினார்கள். ஆனால் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று நிண்டெண்டோவே பிறகு சொன்னது. இதே நிறுவனத்தின் இன்னொரு மரியோ கேமை அதன் சொந்தக் கருவியில் 60 டாலருக்கு மக்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். மரியோ மாறவில்லை, அவர் நின்ற வரிசை மாறியது.

நங்கூரம் தனி ஆட்களையும் அடிக்கும். ஜோனதன் ப்ளோ உருவாக்கிய 'பிரெய்டு' 2008-ல் எக்ஸ்பாக்ஸில் 15 டாலருக்கு வந்தபோது, அந்தக் கடையில் அதுவரை சிறிய கேம்கள் 5, 10 டாலருக்கே பழக்கம் என்பதால் விலை அதிகம் என்ற முணுமுணுப்பு எழுந்தது. 'நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும் கேமுக்கு 15 டாலரா' என்ற கேள்வியும் வந்தது. மணிக்கு இவ்வளவு என்று கேமை அளப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். அந்த அளவுகோல் பரவியதால்தான், பத்து மணி நேரக் கதையை அறுபது மணி நேரமாக இழுத்து, நடுவில் எடுபிடி வேலைகளை நிரப்பித் தருகிறார்கள். 2025 செப்டம்பரில் 'ஹாலோ நைட்: சில்க்சாங்' 20 டாலருக்கு வந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கவலை. இவ்வளவு பெரிய கேமே 20 டாலர் என்றால் எங்கள் கேமுக்கு அதே விலையை எப்படிச் சொல்வது என்று சின்னக் குழுக்கள் யோசித்தன. ஆடுபவர்களுக்கு அது கொண்டாட்டம். பக்கத்து வரிசையில் நின்றவர்களுக்கு அது ஒரு புது நங்கூரம்.

அப்புறம் அந்தக் குதிரை. 2025 ஏப்ரலில் ஆப்லிவியனைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். சாதாரணப் பதிப்பு 50 டாலர், டீலக்ஸ் பதிப்பு 60. டீலக்ஸில் என்ன கூடுதல் என்றால், மற்றவற்றோடு, புதிய குதிரைக் கவசங்கள். இந்த முறை பெரிதாக யாரும் கோபப்படவில்லை. பலர் பழைய நினைவில் சந்தோஷப்பட்டார்கள். நடுவில் போன பத்தொன்பது வருடத்தில் ஒரு ஆடைக்கு 20 டாலர் கேட்கும் கேம்களைப் பார்த்துவிட்டோம். அதன் பக்கத்தில் வைத்தால் இரண்டரை டாலர் கவசம் பாவம், சாது.

தள்ளுபடி என்ற தனிச் சந்தோஷம்

இணையத்தில் கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் 2011-ல் ஒரு மேடையில் சொன்ன விஷயம் என் மனதில் அப்படியே நிற்கிறது. அவர்கள் முதலில் ஒரு கேமின் விலையை யாருக்கும் சொல்லாமல், எந்த அறிவிப்பும் இல்லாமல் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். விலை குறைந்தால் அதற்கேற்ப விற்பனை கூடியது, விலை ஏறினால் விற்பனை குறைந்தது. மொத்த வருமானம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. சரி, இதுதான் விதி என்று நினைத்தார்கள். பிறகு 75 சதவீதத் தள்ளுபடி என்று ஊரறிய அறிவித்துப் பார்த்தார்கள். அவர்களுடைய முந்தைய அனுபவப்படி இப்போதும் வருமானம் அப்படியே இருந்திருக்க வேண்டும். ஆனால் அது 40 மடங்கு ஆனது. 40 சதவீதம் இல்லை, 40 மடங்கு.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சத்தமில்லாமல் விலை குறைந்தபோது வாங்காதவர்கள், 'குறைத்திருக்கிறோம்' என்ற பலகையைப் பார்த்ததும் ஓடிவந்தார்கள். அறிவிப்பு பலரை எட்டியது என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் குறுக்கே கோடு போட்ட பழைய விலை, பக்கத்தில் பச்சைக் கட்டத்தில் புது விலை, 'இன்னும் இத்தனை மணி நேரம்' என்று ஓடும் கடிகாரம், இவை மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை தனி.

பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1985-லேயே இதை விளக்கியிருந்தார். ஒன்றை வாங்கும்போது நமக்கு இரண்டு விதமான சந்தோஷம் கிடைக்கிறது என்றார். ஒன்று பொருள் தரும் சந்தோஷம். இன்னொன்று பேரம் தரும் சந்தோஷம், அதாவது 'வழக்கமான விலையைவிடக் குறைவாக வாங்கிவிட்டேன்' என்ற நிறைவு. முதல் சந்தோஷத்துக்குக் கேமை விளையாட வேண்டும். இரண்டாவது, வாங்கு என்ற பொத்தானை அழுத்திய நொடியிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கேமைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. என் கணக்கில் அப்படித் திறக்காமல் கிடக்கும் கேம்கள் அறுபதுக்கு மேல். ஒரு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எப்போது வாங்கினேன் என்று பார்த்தேன். நாலைந்தைத் தவிர எல்லாம் கோடைத் தள்ளுபடியிலோ ஆண்டு இறுதித் தள்ளுபடியிலோ வாங்கியவை. 5 டாலருக்கு வாங்கித் தொடாமல் விட்ட பன்னிரண்டு கேம்களின் காசில், முதல் நாளே ஆட ஆசைப்பட்டு 'விலை அதிகம்' என்று தள்ளிப்போட்ட ஒரு கேமை முழு விலைக்கு வாங்கியிருக்கலாம்.

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2015 ஜூனில் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும் விதியைக் கொண்டுவந்தது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அதே ஆண்டின் இறுதியிலிருந்து, சில மணி நேரம் மட்டும் இருந்து மறையும் அந்த அவசரத் தள்ளுபடிகளையும் பெரிய விற்பனைகளில் நிறுத்திவிட்டார்கள். விற்பனை முழுக்க ஒரே விலை. பதற்றம் குறைந்தது.

தள்ளுபடியே கிடையாது என்று நிற்பவர்களும் உண்டு. 'ஃபேக்டோரியோ' என்ற தொழிற்சாலை கட்டும் கேம் 2016-ல் ஸ்டீமுக்கு வந்தபோது 20 டாலர். 2018-ல் 30. 2023 ஜனவரியில் பணவீக்கத்தைக் காரணம் காட்டி 35. இத்தனை வருடத்தில் ஒரு விற்பனையிலும் அது கலந்துகொண்டதில்லை, கலந்துகொள்ளும் திட்டமும் இல்லை என்று கடைப் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். விளைவு என்ன தெரியுமா? 'காத்திருந்தால் குறையும்' என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை. போன மாதம் வாங்கியவர் இந்த மாதத் தள்ளுபடியைப் பார்த்து வயிறெரிய வேண்டியதில்லை. மற்ற கேம்களில் ஆறு மாதம் பொறுத்தால் பாதி விலை என்று நமக்கே பழக்கிவிட்டார்கள். அதனால் முதல் நாள் விலை என்பது அவசரப்படுபவர்கள் கட்டும் அபராதம் மாதிரி ஆகிவிட்டது.

மூன்று பதிப்புகள்

அந்த அவசரத்தையே தனியாக விற்பதும் நடக்கிறது. 2023-ல் வந்த 'டயாப்லோ 4' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பதிப்பு 70 டாலர், டீலக்ஸ் 90, அல்டிமேட் 100. டீலக்ஸுக்கும் அல்டிமேட்டுக்கும் சில நாட்கள் முன்னாடியே ஆடும் வசதி உண்டு. 70-ஐயும் 100-ஐயும் மட்டும் வைத்தால் நடுவில் பெரிய பள்ளம் தெரியும். 90 வந்து நடுவில் நின்றதும் 100 என்பது 'இன்னும் பத்துதானே' என்று ஆகிவிடுகிறது. தான் விற்பதற்காக இல்லாமல் பக்கத்திலிருப்பதை விற்றுக்கொடுக்க நிற்கும் விலையைத் தூண்டில் விலை என்று சொல்லலாம். 1982-லேயே சந்தையியல் ஆய்வாளர்கள் இதை நிரூபித்துவிட்டார்கள். டயாப்லோவை உருவாக்கியவர்கள் அந்த எண்ணத்தோடுதான் வைத்தார்களா என்பது வேறு விஷயம். திரையில் மூன்று விலையைப் பார்க்கும் கண்ணுக்கு நடப்பது இதுதான்.

69.99 என்று எழுதுவதும் இதே ரகம். நாம் எண்ணை இடப்பக்கத்திலிருந்து படிக்கிறோம், முதலில் படும் 6-தான் மனதில் பதிகிறது. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இலவசம்

பூஜ்யம் மற்ற எண்களைப் போன்ற ஓர் எண் கிடையாது. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் உயர்ரக சாக்லெட் ஒன்றை 15 சென்ட்டுக்கும் சாதாரண சாக்லெட் ஒன்றை 1 சென்ட்டுக்கும் வைத்தார்கள். வாங்கியவர்களில் 73 சதவீதம் பேர் உயர்ரகத்தை எடுத்தார்கள். பிறகு இரண்டிலும் ஒரே ஒரு சென்ட்டைக் குறைத்தார்கள்: 14 சென்ட், இலவசம். வித்தியாசம் அதே 14 சென்ட்தான். ஆனால் இப்போது 69 சதவீதம் பேர் இலவச சாக்லெட்டை எடுத்தார்கள். எதையும் இழக்கப்போவதில்லை என்று தெரிந்த உடனே மனம் யோசிப்பதை நிறுத்திவிடுகிறது.

இலவச கேம்கள் இந்தக் கதவு வழியாகத்தான் வருகின்றன. அவற்றை ஆடுபவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை ஒரு சென்ட்கூடக் கொடுப்பதில்லை. மிகச் சிலர் மிக அதிகமாகக் கொடுக்கிறார்கள். தொழிலில் அவர்களைத் திமிங்கிலம் என்று அழைக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் கேட்கவே பிடிக்காது. அந்த மிகச் சிலரில் வசதியானவர்களும் இருப்பார்கள், தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் தவிப்பவர்களும் இருப்பார்கள். ஒரே பெயரில் இருவரையும் போட்டுவிட்டால் இரண்டாவது ஆள் கண்ணில் படாமல் போய்விடுகிறார்.

காசு காணாமல் போகும் இடம்

குதிரைக் கவசத்தின் விலை இரண்டரை டாலர் என்றேன். உண்மையில் எக்ஸ்பாக்ஸ் திரையில் அப்படி எழுதியிருக்கவில்லை. 200 பாயிண்ட் என்றுதான் இருந்தது. 80 பாயிண்ட் ஒரு டாலருக்குச் சமம். 200 பாயிண்ட் என்றால் எவ்வளவு என்று உடனே சொல்ல யாருக்கும் வராது, ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் பெரும்பாலோர் செலவழிக்க மாட்டோம். 2013-ல் மைக்ரோசாஃப்ட் பாயிண்ட்டைக் கைவிட்டு நிஜப் பணத்துக்கே திரும்பியது. அதற்குள் அந்த யோசனை மற்ற இடங்களுக்குப் பரவிவிட்டது.

பணம் கையை விட்டுப் போகும்போது ஒரு சின்ன வலி இருக்கும். அது தொந்தரவுதான், ஆனால் நம்மைக் காப்பாற்றும் தொந்தரவு. கேமுக்குள் இருக்கும் நாணயம் அந்த வலியைப் பொருளிலிருந்து பிரித்துவைக்கிறது. நிஜப் பணம் ஒரு நாள் போகிறது, பொருள் இன்னொரு நாள் வருகிறது. உதாரணத்துக்கு, 'ஃபோர்ட்நைட்' கேமுக்குள் புழங்கும் நாணயத்தின் பெயர் வி-பக்ஸ். வாங்கும் நேரத்தில் நீங்கள் செலவழிப்பது வெறும் வி-பக்ஸ், ஏற்கெனவே உங்களுடையது.

ஃபோர்ட்நைட்டின் ஆரம்பகால விலைகளை வைத்து ஒரு கணக்கைக் கூடவே போட்டுப் பாருங்கள். அப்போது கிடைத்த மிகச் சிறிய பொட்டலம் 1,000 வி-பக்ஸ், விலை 10 டாலர். உங்களுக்குப் பிடித்த ஆடை 1,200 வி-பக்ஸ். 1,200 தனியாகக் கிடைக்காது. எனவே இரண்டு பொட்டலம், 20 டாலர். ஆடையை வாங்கியதும் மீதி 800. இந்த 800-ஐப் பணமாக மாற்ற முடியாது. சும்மா கிடக்கிறதே என்று கடையைப் பார்த்தால், 800-க்குச் சரியாக ஒரு கோடாரி இருக்கும். அது பிடிக்கவில்லை என்றால் 1,500-க்கு இன்னொரு ஆடை இருக்கும், அதற்கு 700 குறைகிறது. 700-ம் தனியாகக் கிடைக்காது, மறுபடி 10 டாலர், மறுபடி மீதி 300. 12 டாலர் ஆடையை வாங்க வந்தவர் இப்போது 30 டாலர் கொடுத்திருக்கிறார். கணக்கில் 300 வி-பக்ஸ் கிடக்கிறது, மனதில் அது 'மீதம்' என்று பதிந்திருக்கிறது. இதில் பொய் எதுவும் சொல்லப்படவில்லை. எல்லா எண்ணும் திரையில் இருந்தது. ஆனால் 'இந்த ஆடை எத்தனை டாலர்' என்ற ஒரே கேள்விக்கு மட்டும் எங்கும் பதில் எழுதியிருக்கவில்லை.

2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தோடு 52 கோடி டாலருக்கு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அதில் 24.5 கோடி, ஆடியவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு. கேம் தூக்க நிலையிலிருந்து எழும்போதோ திரை ஏறிக்கொண்டிருக்கும்போதோ ஒரு பொத்தான் பட்டாலே பணம் போய்விடும்படி அமைப்பு இருந்தது, பெற்றோர் அனுமதி இல்லாமல் பிள்ளைகளால் வாங்க முடிந்தது என்பவை ஆணையத்தின் குற்றச்சாட்டுகளில் சில. 2025 மார்ச்சில் ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள், கேம் நாணயத்தில் விலை போடும் இடத்தில் நிஜப் பண விலையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தார்கள். கேட்டது அவ்வளவுதான். ஒரு விலைச்சீட்டு.

பேட்டில் பாஸ் இன்னொரு வகை: ஒரு பருவத்துக்கு என்று வாங்கும் சீட்டு, ஆட ஆடப் பரிசுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஃபோர்ட்நைட்டில் அது நீண்ட காலம் 950 வி-பக்ஸ். அப்போது முழுதாக முடித்தால் 1,500 வரை திரும்பக் கிடைத்தது, அதாவது போட்டதைவிட அதிகம். கேட்க நன்றாகவே இருந்தது, தினமும் ஆடியவருக்கு உண்மையிலேயே லாபம்தான். ஆனால் பருவம் முடியும் தேதி ஒன்று உண்டு. பாதியில் நின்றால் பூட்டிய பரிசுகள் திரையில் வரிசையாகத் தெரியும். கானமனும் டிவெர்ஸ்கியும் 1979-ல் எழுதியது இதைத்தான்: 10 டாலர் கிடைக்கும் சந்தோஷத்தைவிட 10 டாலர் தொலையும் துக்கம் பெரியது. பாஸ் வாங்கியவருக்கு அந்தப் பரிசுகள் ஏற்கெனவே தன்னுடையவை, ஆடாத ஒவ்வொரு நாளும் அவை கைவிட்டுப் போகின்றன. ஆசைக்கு ஆடிக்கொண்டிருந்தவர் நஷ்டத்துக்குப் பயந்து ஆட ஆரம்பிக்கிறார். இரவு பதினொரு மணிக்கு 'இன்றைய வேலையை முடித்துவிட்டுத் தூங்குகிறேன்' என்று யாராவது சொன்னால், அந்த 'வேலை' என்ற வார்த்தையைக் கவனியுங்கள்.

லூட் பாக்ஸில் விலை இருக்கும், பொருள்தான் இருக்காது. பெட்டிக்குக் காசு கொடுக்கிறீர்கள், உள்ளே என்ன என்பது அதிர்ஷ்டம். எப்போது பரிசு வரும் என்று தெரியாதபோதுதான் ஒரு செயலை விடாமல் திரும்பத் திரும்பச் செய்வோம் என்பது, உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்தே தெரிந்த விஷயம். 'கென்ஷின் இம்பாக்ட்' கேமில் மிக உயர்ந்த ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒரு இழுப்பில், அதாவது ஒருமுறை அதிர்ஷ்டத்தைச் சோதிப்பதில், கிடைக்கும் வாய்ப்பு 0.6 சதவீதம். 90 இழுப்பில் ஒன்று நிச்சயம் என்ற உத்தரவாதமும் உண்டு. அந்த உத்தரவாதம் ஆறுதலாகத் தெரியும். ஆனால் 60 இழுத்துவிட்டவரால் அதற்குப் பிறகு நிறுத்த முடிவதில்லை, போட்ட அறுபதும் வீணாகிவிடும் என்று தோன்றும். 2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' கேமில், 60 டாலர் கொடுத்து வாங்கிய பிறகும் பலத்தைப் பெட்டிகளில் தேட வேண்டியிருந்தது. எதிர்ப்பு வெடித்து, வெளியீட்டுக்கு முந்தைய நாள் பணம் கொடுத்து வாங்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். 2018 ஏப்ரலில் பெல்ஜியம் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. எனக்கு அதில் சந்தேகம் இல்லை. தள்ளுபடியும் மூன்று பதிப்பும் நம் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றன என்றாலும், விலையும் பொருளும் கண்முன்னே இருக்கின்றன, வேண்டாம் என்று நகர்ந்துவிடலாம். ஒன்றை மறைத்துவிட்டு முடிவெடுக்கச் சொல்வது வேறு ரகம். அதுவும் பிள்ளைகளிடம்.

விலையை நீங்களே சொல்லுங்கள்

இதே மனதை வேறு விதமாகவும் நம்பலாம். 2010 மே மாதம் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்று சில சுயாதீன கேம்களை ஒன்றாகக் கட்டி, 'உங்களுக்கு எவ்வளவு கொடுக்கத் தோன்றுகிறதோ கொடுங்கள்' என்று விற்றார்கள். ஒரு சென்ட் கொடுத்தாலும் கேம்கள் உங்களுக்கு. கொடுப்பதில் எத்தனை பங்கு உருவாக்கியவர்களுக்கு, எத்தனை பங்கு தொண்டு நிறுவனங்களுக்கு என்பதையும் வாங்குபவரே பிரிக்கலாம். இதுவரை மற்றவர்கள் சராசரியாக எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்று திரையில் ஓடிக்கொண்டே இருந்தது, விண்டோஸ்காரர்கள், மேக்காரர்கள், லினக்ஸ்காரர்கள் என்று தனித்தனியாக. லினக்ஸ்காரர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கொடுத்தார்கள். மொத்தம் 12 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்தச் சராசரியும் ஒரு நங்கூரம்தான், மறைக்காமல் வைத்த நங்கூரம்.

நான் இப்போது செய்வது இதையே கொஞ்சம் மாற்றி. ஏதாவது ஒரு கேமைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆசை வந்தால், கடைப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நோட்டில் கேமின் பெயரை எழுதி, பக்கத்தில் ஓர் எண்ணை எழுதிவிடுகிறேன். இதற்கு நான் எவ்வளவு கொடுப்பேன், அவ்வளவுதான். முதலில் கடினமாக இருந்தது. விலையைப் பார்க்காமல் விலை சொல்லத் தெரியவில்லை என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. தள்ளுபடிக் காலம் வரும்போது எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை, நோட்டில் இருக்கும் எண்ணுக்குக் கீழே வந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். போன முறை நோட்டில் பதினோரு பெயர் இருந்தது. எட்டு கேம் என் எண்ணுக்குக் கீழே இறங்கியிருந்தது. அவற்றில் மூன்றை வாங்கினேன், மூன்றையும் ஆடி முடித்துவிட்டேன். மீதி ஐந்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்த எண்ணை அடித்துவிட்டுப் பூஜ்யம் என்று எழுதினேன், ஆசை எப்போதோ போய்விட்டிருந்தது.